ஹாஜியாரின் பேக் கதை

ஜவுபர் ஹாஜியார் மைக்கைப் பிடித்தால் எதிர்க்கட்சிக்காரனும் மதிலோரம் வந்து நின்று கேட்பான். அரிசி ஆலை முதலாளி, இரண்டு தடவை பிரதேச சபை உறுப்பினர் என்பதெல்லாம் பிறகுதான். ஊருக்கு அவர் சிரிக்க வைக்கிற மனிதர். வாய்க்கால் உடைந்த கதையைச் சொன்னாலும் சிரிப்பு வரும். அதை இந்த முறை கட்டித் தருவேன் என்றால் இன்னும் பெரிய சிரிப்பு வரும்.

அந்த வெள்ளிக்கிழமை மஃரிப் தொழுகைக்குப் பிறகு, மீன் சந்தைக்கு முன்னால் நடந்த தேர்தல் கூட்டத்தில் அவர் ஜெமீலாவைப் பிடித்துக்கொண்டார்.

ஜெமீலா தையல்கடை நடத்துகிறவள். பத்து வருடங்களுக்கு முன், குடும்ப வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் போய்க் கணவனை விவாகரத்துச் செய்தவள். எதிரணியின் வேட்பாளர் பட்டியலில் அவளுடைய பெயரும் வந்திருந்தது.

"மாப்புளைய ஊட்டுக்குள்ள வச்சிரிக்கத் தெரியாதவ, சபைக்குள்ள வந்து என்னத்த வச்சிரிக்கப் போறா?" என்றார் ஹாஜியார்.

சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவருக்குப் போதவில்லை. ஒலிபெருக்கிக்காரனின் பேக் ஒன்று மேடையில் கிடந்தது. அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். தலையைக் குனிந்து, சாரத்தை ஒரு கையால் பிடித்து, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி மேடையின் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கலுக்கு நடந்தார்.

இந்தப் பக்கத்தில் கல்யாணம் என்றால் வீடு பெண்ணுடையது. தகப்பன் கட்டிக்கொடுக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளைதான் வந்து குடியிருப்பார். பிரிவு என்று வந்தால் பேக்கைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிறவரும் அவர்தான். ஆகவே ஹாஜியார் காட்டிய நடை என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

"பாவம், மாப்புள போறாரு! சந்தியில நிண்டு பஸ்ஸப் பார்க்காரு! பஸ்காரன் கேக்கான், 'எங்க மச்சான் பயணம்?' இவரு சொல்றாரு, 'உம்மாட ஊட்டுக்கு ஒரு டிக்கட் தாங்க!'"

சந்தையே அதிர்ந்தது. பெண்கள் இருந்த பக்கத்துப் பச்சைத் திரைக்குப் பின்னாலும் சிரிப்புக் கேட்டது. கீழே நின்று போனில் பிடித்துக்கொண்டிருந்த ஹிஷாமின் கை சிரிப்பில் ஆடியது. ஹிஷாம்தான் ஹாஜியாரின் தேர்தல் வேலைகளைப் பார்க்கிறவன். வீட்டுக்குப் போகுமுன்பே வீடியோவைப் போட்டுவிட்டான்.

மறுநாள் காலையில் ஹாஜியார் அந்த வீடியோவைப் பார்த்தபடி புட்டுக்குக் காத்திருந்தார். புட்டு வந்தது. வைத்த விதம் சரியில்லை. மனைவி றாஹிலா தட்டை மேசையில் போட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"என்ன புள்ள, ராவு முழுக்க மூஞ்சி சரியில்ல?"

"நீங்க இரிக்கிற ஊடு ஆருட?"

"இதென்ன கேள்வி? உன்ட."

"என்ட வாப்பா கட்டின ஊடு. முப்பது வருசமா நான் உங்களப் பேக்கத் தூக்க வைக்கல்ல. அதுக்காக நான் பெரிய ஆளா? நீங்க நல்ல மனிசன், அதனால இரிக்கீங்க. உங்கட மகளுக்கு அந்த நசீபு இல்ல."

ஹாஜியார் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஸம்றாட மாப்புள பளீல் கொழும்புல வேலைக்குப் போயிரிக்கான் எண்டு உங்களுக்குச் சொன்னது பொய்," என்றாள் றாஹிலா. "ரெண்டு மாசத்துக்கு முந்தி அவள்தான் ஊட்ட விட்டு எழுப்பினவள். பேக்கோட. சம்மாந்துறையில உம்மாட ஊட்டதான் இரிக்கான்."

"ஏன்? என்ன நடந்த?"

"அடிச்சவன். ஒருநாள் ரெண்டுநாள் இல்ல. புள்ளைக்கு இடது காது கேக்காது. போனை வலப்பக்கம் மாத்தி மாத்தி வைப்பாளே, கண்டல்லியா நீங்க?"

அவர் கண்டிருந்தார். அதை ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தார்.

"எனக்குச் சொல்லாம எல்லாரும் சேந்து..."

"அவள்தான் வேணாமெண்டாள். தேர்தல் முடியட்டும், வாப்பாட பேருக்கு என்னால ஒரு சொல் வரப்படாது எண்டாள். காதியாருக்கிட்ட வழக்குப் போட்டாச்சு. நாளைக்கில்ல, அடுத்த ஞாயிறு விசாரணை." றாஹிலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ராத்திரி திரைக்குப் பின்னால என்னோடதான் இரிந்தவள். ஊட்ட வந்து சொல்றாள், 'நான் போகல்ல உம்மா. அவர வரச் சொல்லப்போறன்' எண்டு."

"நான் சொன்னது ஜெமீலாவ. அதுவும் பகிடிக்கு."

"போன வருசம் எங்கயோ ஒருத்தன் மேடையில நம்மட பொம்புளைகள்ற அபாயாவப் பகிடி பண்ணினான் எண்டு கடையெல்லாம் அடைச்சீங்களே. முன்னுக்கு நிண்டது நீங்கதானே? அவனும் பகிடி எண்டுதான் சொன்னான்."

புட்டு அப்படியே இருந்தது.

ஸம்றாவின் வீடு அடுத்த தெருவில். ஆலை நன்றாக ஓடிய காலத்தில் ஹாஜியார் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. மகள் கதவைத் திறந்துவிட்டு, அவர் இருந்த பக்கத்துக்கு வலது காது வரும்படி கதிரையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அதைப் பார்த்ததும் அவர் கொண்டுவந்த பேச்சு பாதியாகிவிட்டது.

"மகள், ஞாயிற்றுக்கிழமை நானே வேன் கொண்டுவாறன். காதியாருக்கிட்ட வாப்பாவும் வாறன். அந்த நாய் இந்தப் படியில கால் வைக்கப்படாது."

"சந்தையில அவ்வளவு பேர் சிரிச்சாங்க வாப்பா. என்னோட படிச்சவளுகளும் சிரிச்சாளுகள். நானும் சிரிக்கிற மாதிரி இரிந்தன். இல்லாட்டி என்னையப் பார்ப்பாளுகள் எண்டு பயம்."

"அது உனக்குச் சொன்னதில்ல."

"ஜெமீலா ராத்தாவுக்குச் சொன்னா எனக்குச் சொன்னதுதான். காதுக்கு டொக்டரிட்டக் கூட்டிப்போனது அவதான். வழக்குக்கு எழுதித் தந்ததும் அவதான்." ஸம்றா கதிரையை இன்னும் கிட்ட இழுத்தாள். "இண்டைக்குக் காலையில அவட ஆக்கள் பதில் குடுக்கச் சொல்லி நிண்டிரிக்காங்க. என்ட கதைய ஒரு வரி சொன்னா உங்கட தேர்தல் முடிஞ்சிது வாப்பா. அவ வாயத் தொறக்கல்ல."

ஹாஜியார் நிலத்தைப் பார்த்தார். அவரே தேர்ந்தெடுத்த டைல்ஸ்.

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"பிழை எண்டு சொல்லுங்க. எனக்கிட்ட இல்ல, மேடையில. சிரிச்ச ஆக்களுக்கு முன்னால. நீங்க சொன்னா ஊர் கேக்கும். மறுகா நானும் தலைய நிமித்திக்கிட்டு அந்தச் சந்தியால போவன்."

"இன்ஷா அல்லாஹ், சொல்றன்."

வரும் வழியில் தையல்கடையிலும் ஏறினார். ஜெமீலா மெசினை நிறுத்தாமலே கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்.

"வாங்க ஹாஜியார். சேட்டு அளவு குடுக்கவா? பேக் தைக்கிறதெண்டா நான் இல்ல, பஸார்லதான் ஆள் இரிக்காரு."

ஹாஜியாருக்குச் சிரிப்பு வரவில்லை. "ராத்திரிக் கதைச்சது பிழை புள்ள. மன்னிச்சுக்க."

மெசின் நின்றது. "எனக்கு என்ன? நான் அழுது முடிச்சுப் பத்து வருசம். ஞாயிற்றுக்கிழமை உங்கட மகள் காதியாருக்கிட்டப் போகணும். போகாட்டி அவன் திரும்பி வருவான். மற்றக் காதும் போகும். கடையில வந்து காதுக்குள்ள சொல்றத விட்டுட்டு, மைக்ல சொல்லுங்க."

தேர்தல் அலுவலகத்தில் அவர் விஷயத்தை எடுத்தபோது எல்லோரும் அவரையே பார்த்தார்கள். மகளின் கதையை அவர் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. மன்னிப்புக் கேட்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.

"காக்கா, உங்களுக்கு விசரா?" என்றான் ஹிஷாம். "வீடியோ பறக்குது! சின்னப் பொடியன்கள் எல்லாம் பேக்கத் தூக்கிட்டு நடந்து வீடியோ போடுறானுகள். ஒலுவில் கெம்பஸ் புள்ளைகள் கொஞ்சப் பேர்தான் அறிக்கை உட்டிரிக்காங்க, பெண்கள இழிவுபடுத்திட்டாராம். அவங்களுக்கு இந்த ஊர்ல ஓட்டும் இல்ல."

"இப்ப என்னத்தத்தான் கதைக்கேலும்?" என்றார் கட்சியின் ஊர்த் தலைவர். "நொண்டி எண்டா குத்தம். கறுப்பன் எண்டா குத்தம். மலடி எண்டா குத்தம். எல்லாத்துக்கும் மனம் நோகுதாம். இப்புடியே போனா மேடையில ஸலாம் சொல்லிட்டு இறங்க வேண்டியதுதான்."

ஒரு கிழமைக்கு முன்னால் என்றால் இந்தப் பேச்சை ஹாஜியாரே பேசியிருப்பார். இதைவிட நன்றாகவும் பேசியிருப்பார்.

"நொந்தவனுக்குத்தானே தெரியும் தலைவர், நொந்ததா இல்லியா எண்டு."

"சரி, கேக்கத்தான் வேணுமெண்டா இப்புடிக் கேளுங்க," என்றான் ஹிஷாம். "'யாருடையாச்சும் மனம் நொந்திரிந்தா வருந்துறன்.' அவ்வளவுதான். கேட்டதாவும் இரிக்கும், கேக்காததாவும் இரிக்கும்."

"இல்ல. பிழை எண்டுதான் சொல்லப்போறன்," என்றார் ஹாஜியார். அப்போது அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

புதன்கிழமை, அதே சந்தை, அதே மேடை. சனம் மட்டும் இரண்டு மடங்கு. கல்முனையிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பச்சைத் திரையில் ஓர் இடைவெளி. அதற்குள் றாஹிலா. பக்கத்தில் ஸம்றா, வலது காதை மேடைப் பக்கம் திருப்பியபடி.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றார் ஹாஜியார். "இண்டைக்கு நான் பகிடி உட வரல்ல."

சிரிப்பு. அதையே பகிடி என்று நினைத்துவிட்டார்கள்.

"உண்மையாத்தான் சொல்றன். போன வெள்ளிக்கிழமை நான் ஒரு கதை சொன்னன்..."

"பேக் கதை!" என்று யாரோ கத்தினார்கள். கைதட்டல் எழுந்தது. "பேக் கதை! பேக் கதை!"

"கேளுங்க, கேளுங்க. அந்தக் கதை..."

முன்வரிசையிலிருந்து ஒரு பேக் பறந்து வந்து அவருடைய காலடியில் விழுந்தது. புதுப் பேக், விலைச்சீட்டும் தொங்கியது. சந்தை முழுவதும் வாய்விட்டுச் சிரித்தபடி அவரையே பார்த்தது. முப்பது வருடமாக அவரை மேடையில் தாங்கி நின்ற சிரிப்பு அது. இந்தச் சிரிப்பை நிறுத்தினால்தான் அந்தச் சொல்லைச் சொல்லலாம். நிறுத்துவது எப்படி என்று அவர் பழகியிருக்கவில்லை. பெருக்கத்தான் பழகியிருந்தார்.

அவர் குனிந்து பேக்கை எடுத்தார். ஓரமாக வைக்கத்தான் எடுத்தார். அதை இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வார். ஆனால் பேக் கைக்கு வந்ததும் சனம் ஆர்ப்பரித்தது. கை தானாகத் தோளுக்குப் போயிற்று.

"இந்த மாப்புள விலைச்சீட்டோடதான் வந்திரிக்காரு!"

அவ்வளவுதான். சந்தை உருண்டது. சிரிப்பு ஓய்ந்த இடைவெளியில் அவர் அவசரமாக, "யாருடையாச்சும் மனம் நொந்திரிந்தா வருந்துறன்," என்றும் சொன்னார். ஹிஷாம் கொடுத்த அதே வரி. அதற்கும் சிரித்தார்கள்.

அவர் திரையைப் பார்த்தார். இடைவெளிக்குள் றாஹிலா மட்டும் இருந்தாள்.

அதன் பிறகு ஸம்றா அவருடைய போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனார், கதவு பூட்டியிருந்தது. "புள்ளைய விடுங்க," என்றாள் றாஹிலா. ஞாயிற்றுக்கிழமை வரும், புள்ளை மனம் மாறும் என்று அவர் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு, சுபஹு தொழுததும் வேனை எடுத்துக்கொண்டு போனார்.

கதவு திறந்திருந்தது. மண்டபத்தின் நடுவில் ஒரு நீலப் பேக். அவர் வழக்கமாக உட்காரும் கதிரையில் பளீல், சாரத்தோடு, ஈரத்தலையோடு.

"வாங்க மாமா, வாங்க! இரிங்க!" தன் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வரவேற்பது போல எழும்பினான். "ராத்திரித்தான் வந்த. மாமா, உங்கட பேச்சு! எத்தின தரம் பார்த்தன் எண்டு எனக்கே தெரியா. எங்கட உம்மாதான் சொன்னா, 'உன்ட மாமனாரே உனக்காகக் கதைச்சிட்டாரு மகன், இனி என்ன, பேக்கத் தூக்கிட்டுப் போ' எண்டு."

நல்ல பகிடி என்று நினைத்துச் சிரித்தான்.

ஸம்றா தேநீருடன் வந்தாள். தகப்பனின் முன்னால் ஒரு கோப்பையை வைத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் அதைப் பிடித்துக்கொண்டாவது பேசியிருப்பார்.

"மகள், வேன் வெளியில நிக்கிது."

"எங்க போக வாப்பா?"

"காதியாருக்கிட்ட."

"வழக்க வாபஸ் வாங்கியாச்சு." மெல்லத்தான் சொன்னாள். "ஜெமீலா ராத்தா எவ்வளவோ சொன்னா. அவ பெலசாலி. அவவப் பார்த்து ஊரே சிரிச்சாலும் அடுத்த நாள் கடையத் தொறப்பா. எனக்கு ஏலாது. சந்தியால போகக்குள்ள பொடியன்கள் பேக்கத் தூக்கிட்டு நடந்து காட்டுவானுகள்."

பளீல் கோப்பையை நீட்டினான். ஸம்றா சீனிப் போத்தலை எடுத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். சீனி போடும்போது அவளுடைய இடது பக்கம் தகப்பனுக்கு நேராக இருந்தது.

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார். மைக் இல்லாமல் அவருடைய குரல் எவ்வளவு சின்னது என்று அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வாப்பாட பிழைதான் மகள். என்ன மன்னிச்சிரு."

ஸம்றா சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமா என்னமோ சொல்றாரு புள்ள," என்றான் பளீல்.

அவள் தலையைத் திருப்பி வலது காதைக் கொடுத்தாள். "என்ன வாப்பா?"

பளீல் கோப்பையை வாயில் வைத்தபடி, அடுத்த பகிடிக்காக முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான்.

"ஒண்டுமில்ல," என்றார் ஜவுபர் ஹாஜியார். "தேத்தண்ணி நல்லாரிக்கி."

அவர் இன்னும் ஒரு வாய் கூடக் குடித்திருக்கவில்லை.