லைசென்ஸ்காரர்

"உம் பேருலயே எழுதச் சொல்லட்டுமாட்டி?" என்று முனிசிபாலிட்டி ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது பிச்சையா கேட்டான்.

"எம் பேருலயா? எதுக்கு?"

"கடையில உக்காரப் போறது நீயி. நான் காலையில மூட்டைய எறக்கிப் போட்டுட்டுக் கிட்டங்கியில சுமை தூக்கப் போயிருவேன். அப்ப யாரு யாவாரி?"

"லைசென்சுக்குப் போட்டோ பிடிக்கணுமாம்லா. பிள்ளைத்தாச்சி போட்டோ பிடிக்கக் கூடாது. ஆயுசு குறையும்."

"எவ சொன்னா?"

"எல்லாருந்தான் சொல்லுதாவ. நீங்களே பிடிங்க. ஆம்பளைக்கு ஒண்ணும் செய்யாது."

பிச்சையா சிரித்தான். "சரிட்டி. எம் மூஞ்சியப் பாத்துட்டு லைசென்சு கிடையாதுன்னு வெரட்டுனாம்னா நீதான் பொறுப்பு."

ஆறு வருஷத்துக்கு முந்தின பேச்சு அது. அப்போது வயிற்றில் இருந்த சொர்ணம் இப்போது பக்கத்து அறைப் பிள்ளைகளோடு குழாயடியில் சண்டை போடுகிறாள். பேராச்சி மட்டும் ஒவ்வொரு நாள் காலையிலும், கணவனுக்குச் சட்டை மாட்டிவிடும்போது, அந்த வரிசையில் ஒருமுறை போய் நின்றுவிட்டு வருவாள்.

சட்டை மாட்டுவது லேசான வேலை இல்லை. பிச்சையாவின் உடம்பு முழுக்க நீர் கோத்திருந்தது. வலது கையை நுழைத்து, முதுகைத் தாங்கி, இடது கையை நுழைப்பதற்குள் அவனுக்கு மூச்சு வாங்கும். கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி, செருப்பு ஏறாமல் போய் மூன்று மாதம் ஆகிறது. கிட்னி கெட்டுவிட்டது, காலை உசத்தி வைத்துப் படுத்தே கிடக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

சட்டை மாட்டுகிற நேரமெல்லாம் பேராச்சி பேச்சை நிறுத்தமாட்டாள். "நேத்துக் குழாயடியில என்ன கூத்துங்கிய? கடைசி வீட்டுக்காரி கொடத்தத் தூக்கி எறிஞ்சிட்டா. அது நேரா போலீசுக்காரன் சைக்கிள்ல போயி விழுந்துச்சு..." பிச்சையா வாயைத் திறப்பான். அவள் அடுத்த கதைக்குத் தாவிவிடுவாள். அவன் வாய்க்குள் ஏதோ ஒன்று காத்துக் கிடக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது வெளியே வந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டி வரும். கடைசிப் பொத்தானைப் போட்டதும், "சொரிமுத்து, வண்டியத் திருப்புடே!" என்று வாசலைப் பார்த்துக் கத்துவாள்.

அன்றைக்கும் அப்படித்தான் கிளம்பினார்கள். தாராவிச் சந்திலிருந்து கைவண்டி வெளியே வந்தது. நாலு தேங்காய் மூட்டை. அதன்மேல் மடித்துப் போட்ட சாக்கில் பிச்சையா. முன்னால் இழுக்கிறவன் சொரிமுத்து, பின்னால் தள்ளுகிறவள் பேராச்சி. சயான் பாலத்து ஏற்றத்தில் வண்டி முனகியது.

"அண்ணாச்சி, கயித்தப் பிடிச்சுக்கிடுங்க. ஏத்தம் வருது."

"லேய், நாலு மூட்டைக்குத்தான கூலி வாங்குத? என்னையும் சேத்து அஞ்சா எழுதிக்கிடுதியாலே?"

"உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி கூலி? தேங்கா ஒடஞ்சாத்தான் மதினி வைவாவ. நீங்க ஒடையாத சரக்குலா!"

பிச்சையா சிரிக்கப் போய் இருமினான். பாலம் இறங்கும்வரை இருமினான். பேராச்சி ஒரு கையால் வண்டியைத் தள்ளிக்கொண்டே இன்னொரு கையால் அவன் முதுகை நீவிவிட்டாள்.

மாதுங்கா மார்க்கெட்டுக்குப் பின்பக்கத்துத் தெருவில் நடைபாதை ஓரமாக மஞ்சள் பெயிண்டில் கட்டம் போட்டு நம்பர் எழுதியிருந்தது. பேராச்சியின் கடை பதினெட்டு. மொத்தம் முப்பத்தொரு கட்டம். போன வருஷம் முனிசிபாலிட்டி சபையில் அந்தத் தெருவைக் குடியிருப்புப் பகுதி என்று முடிவு செய்தார்கள். புதிதாக யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. இருக்கிறவர்கள் இருக்கலாம். ஆனால் லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அந்த ஆள் கடையில் உட்கார்ந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிற நேரத்தில் மூன்று தடவை ஆள் இல்லையென்றால் ரத்து. ஆள் செத்துப்போனாலும் ரத்து. பதினாறாம் நம்பர் வாழைப்பழக்காரர் தீபாவளிக்கு முன்னால் தவறிப்போனார். பதினைந்தாம் நாள் தார் டின்னோடு ஒருவன் வந்து அந்தக் கட்டத்தை அழித்துவிட்டுப் போனான். அவர் மகன் கொஞ்ச நாள் பழக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சரக்கைப் பறிக்கிற முனிசிபாலிட்டி லாரிக்குப் பயந்து ஓடி ஓடி விற்றான். அப்புறம் அவனைக் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் நோட்டில் பிச்சையாவின் பேருக்கு நேரே ஏற்கெனவே இரண்டு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. ஜனவரியில் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளும் இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு பேராச்சி ஓடினாள். அவர் சீட்டை நிதானமாகப் படித்தார், திருப்பிக் கொடுத்தார். இந்த நோட்டில் இருக்கிறான், இல்லை என்று இரண்டுதான் எழுத முடியும் என்றார். கெட்ட மனுஷன் என்று சொல்லமுடியாது. உன் வீட்டுக்காரனுக்கு இளநீர் கொடு என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

கடையைப் பரப்பினாள். தேங்காயை அளவுவாரியாக அடுக்கினாள். ஸ்டேஷனில் வசாய்க்காரியிடம் வாங்கி வந்த வாழையிலைக் கட்டைத் தண்ணீர் தெளித்து ஓரமாக வைத்தாள். சுவரோரம் மூட்டைக்கு முட்டுக் கொடுத்துப் பிச்சையாவை உட்காரவைத்தாள். ஒவ்வொரு தேங்காயையும் காதோரம் வைத்துச் சுண்டிப் பார்த்துக் கொடுத்தவள் அவள். பேரம் பேசியவள் அவள். பிச்சையாவுக்கு முற்றலுக்கும் இளசுக்கும் வித்தியாசம் தெரியாது. அவன் உட்கார்ந்திருந்தான். வெயில் ஏற ஏற, வீங்கிய காலில் தோல் கண்ணாடி மாதிரி மினுங்கியது.

பன்னிரண்டு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். பழைய ஆள் இல்லை. புதியவர், சின்ன வயது, கையில் அதே நோட்டு.

"பிச்சையா கோன் ஹை?"

பிச்சையா கண் அசந்திருந்தான். பேராச்சி அவன் தோளைத் தொட்டாள். அவன் கையைத் தூக்கினான். "ஹாஜர், சாப்."

இன்ஸ்பெக்டர் லைசென்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்தார். போட்டோவில் ஒட்டிய கன்னமும் கழுத்தெலும்புமாக ஒருவன் முறைத்துக்கொண்டிருந்தான். எதிரே உட்கார்ந்திருந்தவனுக்குக் கண்ணே தெரியாத அளவுக்கு முகம் உப்பியிருந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை பார்த்தார். இவன் வேறு ஆள், கூலிக்கு யாரையோ பிடித்து உட்காரவைத்திருக்கிறாய் என்று இந்தியில் சத்தம் போட்டார்.

"இல்ல சாப், ஓஹி ஹை, எம் புருசந்தான் சாப்!" பேராச்சிக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

பத்தொன்பதாம் நம்பர் பூக்கடை அகிலாண்டம் பூக்கூடையைத் தாண்டிக் குதித்து வந்தாள். "ஓஹி ஹை சாப்! பீமாரி மே ஃபூல் கயா! சீக்குல ஊதிப்போச்சு சாப்! கூலிக்கு ஆள் பிடிக்கதுன்னா நல்லா நிமுந்து உக்காருத ஆளாப் பாத்துப் பிடிக்கமாட்டாளா இவ? கேளுங்க சாப்!" பாதி இந்தியும் பாதித் தமிழுமாக அவள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நாலைந்து கடைக்காரர்கள் எழுந்து வந்து, ஆமாம், இவன்தான் என்றார்கள். இன்ஸ்பெக்டர் பிச்சையாவைக் கையெழுத்துப் போடச் சொன்னார். பிச்சையா பென்சிலைப் பிடித்தான். விரல் மடங்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து எழுதினான். அட்டையிலிருந்த எழுத்தோடு அது பெரிதாக ஒத்துப்போகவில்லை. ஆனாலும் இன்ஸ்பெக்டர் நோட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு நகர்ந்தார்.

"பொழைச்சட்டி," என்றாள் அகிலாண்டம்.

பேராச்சி முந்தானையால் கணவனின் உள்ளங்கையைத் துடைத்துவிட்டாள். அழுத்திய இடத்தில் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

அன்று சாயங்காலம் வாடிக்கைக்காரி பார்வதியம்மாள் வீட்டுக்குத் தேங்காய் கொண்டுபோக வேண்டியிருந்தது. மறுநாள் அவர்கள் வீட்டில் பூஜை. ஜனவரியில் ஒருநாள் இதே பார்வதியம்மாள் கடைமுன் நின்று, "நீ பொம்மனாட்டியாடி? உடம்பு முடியாதவரை இந்த வெயில்ல உக்காத்தி வெச்சு, பாவப்பட்டு நாலுபேர் வாங்கட்டும்னு பாக்கறியா?" என்று கேட்டுவிட்டாள். பேராச்சி தலையைக் குனிந்தபடி தேங்காயைச் சுண்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். பார்வதியம்மாள் மறுநாளே கணவரிடம் சொல்லி மனு எழுதவைத்தாள். அவள் கணவர் அனந்தநாராயணன் முனிசிபாலிட்டி ஆபீசில் குமாஸ்தா. உடம்பு முடியாதவர்களின் லைசென்ஸை மனைவி பேருக்கு மாற்றிக் கொடுக்கலாமா என்பது சபையின் அஜெண்டாவில் ஏறியது. அதற்கான மீட்டிங் நேற்று. அதுவரைக்கும் எப்படியாவது அவனை உட்காரவைத்துவிட வேண்டும் என்றுதான் பேராச்சி நாளைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அனந்தநாராயணன் அப்போதுதான் ஆபீசிலிருந்து வந்திருந்தார். கையில் காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்தார்.

"நேத்திக்கு ஃபுல்லா பட்ஜெட்தாம்மா. தெருவிளக்குக்கு எவ்வளவு, பார்க்குக்கு எவ்வளவுன்னு சாயங்காலம் வரைக்கும் சண்டை. நம்மளது நாப்பத்தாறாவது ஐட்டம். பதினொண்ணாவதுலயே பொழுது போயிடுத்து. பாக்கியெல்லாம் ஒத்தி வெச்சுட்டா."

"இனிம எப்ப சாமி?"

"பட்ஜெட் முடியணும். மே மாசம் பாதிப்பேர் ஊர்ல இருக்கமாட்டா. ஜூன்ல வரலாம்."

"ஜூனா?"

அவர் டம்ளரைத் திண்டில் வைத்தார். "அதுகூட பாஸ் ஆகும்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா. உங்கிட்ட மறைச்சு என்ன? அந்த ரூலையே எதுக்குப் போட்டா? யாரையும் அடிச்சு விரட்ட வேண்டாம், வயசாகி, சீக்கு வந்து, தானாக் கொறைஞ்சுடும்னுதான்..." அவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

உள்ளே போன பார்வதியம்மாள் ஒரு பழைய தலையணையோடு வந்தாள். "காலுக்கு வெச்சுக்கச் சொல்லுடி. இலவம்பஞ்சு, மெத்துனு இருக்கும்."

தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு பேராச்சி திரும்பி நடந்தாள். கடையில் சொரிமுத்து பிச்சையாவை வண்டியில் ஏற்றியிருந்தான். "என்ன சொன்னாவ மதினி?" என்றான். அவள் தலையணையைக் காட்டி, "இதக் குடுத்தாவ," என்றாள். பிச்சையா அவள் முகத்தைப் பார்த்தான். அவள் தலையணையை அவன் காலடியில் வைத்தாள். பின்னால் போய் வண்டியைத் தள்ளினாள்.

மறுநாள் காலை பேராச்சி தண்ணீர் பிடித்து வந்து, சொர்ணத்துக்குத் தலைவாரிப் பக்கத்து அறைக்கு அனுப்பினாள். பிச்சையா பாயில் கிடந்தான். தலையணைமேல் இரண்டு காலும் இருந்தன. நாலு மாதத்தில் முதல் தடவையாக விடியும்வரைக்கும் முனகாமல் தூங்கியிருந்தான். கணுக்கால் எலும்பு லேசாகக் கண்ணுக்குத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கொடியிலிருந்து சட்டையை எடுத்தாள்.

வாசலில் கைவண்டி வந்து நின்றது. "மதினி, நேரமாவுது!"

முதுகைத் தாங்கி உட்காரவைத்தாள். வலது கையை நுழைத்தாள். ஏதாவது பேசவேண்டும் என்று தோன்றியது. குழாயடியில் இன்றைக்கும் சண்டைதான். சொல்வதற்குக் கதை இருந்தது. வாய் வரவில்லை.

"சாமி என்ன சொன்னாவ?" என்றான் பிச்சையா.

"ஜூன் மாசம் வரும்ங்காவ."

"ஜூனு," என்றான். வெளியே மூட்டை ஏற்றுகிற சத்தம் கேட்டது. வண்டி ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

அவள் அவனுடைய இடது கையைத் தூக்கப் போனாள். அவன் கொடுக்கவில்லை. சட்டையின் மறுபாதி அவன் முதுகுக்குப் பின்னால் தரையைத் தொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. மடங்காத விரல்களால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"மதினி! வெயில் ஏறிருச்சுன்னா பாலத்துல தள்ள முடியாது!"

"வாரேன்டே, இரு," என்றாள் பேராச்சி.

"மூணாவது கோடு விழுந்துரும்னு எனக்குத் தெரியும்ட்டி," என்றான் பிச்சையா. "நீயும் பிள்ளையும் என்ன செய்வீயன்னும் நெனச்சுப் பாத்துட்டேன். தெரிஞ்சுதான் கேக்கேன். கேக்கணும் கேக்கணும்னு இத்தன நாளா வாய்க்குள்ளயே வச்சிருந்தேன்." மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினான். அவள் குறுக்கே பேசவில்லை.

"என்னைய இனிமக் கொண்டு போவாத பேராச்சி. இப்பிடியே படுக்க விடு."