வலப்பக்கம் திரும்பும் ஈஸ்வரி

எபினேசர் பைக்கில் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டான் என்ற செய்தி கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு வந்தபோது எல்லோரும் "ஐயோ பாவம்" என்றார்கள். மோகன்ராஜ் மட்டும் "எந்தக் கை?" என்று கேட்டான். கல்மனசுக்காரன் இல்லை கண்ணுகளா, நல்லவன்தான். அவன் நிலைமையைக் கேட்டால் உங்களுக்கே இரக்கம் வரும்.

கம்பெனி சார்பில் மூன்று பேர் ட்ரையத்லான் போட்டிக்குப் பேர் கொடுத்திருந்தார்கள். முதல் ஆள் கடலில் நீந்த வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு கிலோமீட்டர். அவர் கரையேறித் தன் கணுக்காலில் கட்டியிருக்கும் பட்டையை அவிழ்த்துக் கொடுத்தால்தான் இரண்டாவது ஆள் சைக்கிளை எடுக்கலாம். மூன்றாவது ஆள் ஓடுவார். ஓட்டத்துக்கு ஹெச்.ஆர். பூவராகவன், சைக்கிளுக்கு மெயின்டனன்ஸ் மோகன்ராஜ், நீச்சலுக்கு எபினேசர். நீந்துகிறவர் கெடுவுக்குள் கரையேறாவிட்டால் மற்ற இரண்டு பேரும் வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மோகன்ராஜ் ஒரு வருஷமாக இதற்காகவே உயிர் வாழ்ந்தான். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் திருவள்ளூர் வந்து இறங்கியதும் இறுக்கமான கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஊத்துக்கோட்டை ரோட்டில் மிதிப்பான். தெரு நாய்கள் பழகிப்போய்க் குரைப்பதை விட்டுவிட்டன. மனிதர்கள்தான் இன்னும் பழகவில்லை. சைக்கிள் ஹாலில் படுத்திருக்கும், வந்த விருந்தாளிகள் வாசலில் நிற்பார்கள்.

அன்றைக்கு அவன் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான். சாப்பிடவில்லை.

"நான் நீந்தறேன்," என்றாள் அவன் மனைவி ஈஸ்வரி. அவளும் அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன்.

"எதுல, பக்கெட்லயா?"

"எங்க நைனா கெணத்துல மீன் கணக்கா நீந்திக்கினு இருந்தவ நான். கட்டிக்கினு வந்து இத்தினி வருஷமாச்சு, ஒரு நாளாவது கேட்டீங்களா உனக்கு இன்னா தெரியும்னு?"

மோகன்ராஜ் கேட்கவில்லைதான். சாம்பார் தெரியும் என்பது வரையில் அவனுக்குத் தெரியும்.

மறுநாளே அவளைத் திருநின்றவூருக்கு அழைத்துப் போனான். புது மனைகளுக்கும் பாதி எழும்பிய ஃப்ளாட்டுகளுக்கும் நடுவே அங்கே ஒரு நீச்சல்குளம் உண்டு. ஜெபா என்ற இளம்பெண் அங்கே கோச். நைட்டியோடு இறங்கக் கூடாது என்று சொல்லி, முழங்கால் வரைக்கும் மூடிய கறுப்பு உடையையும் ரப்பர் தொப்பியையும் கொடுத்தாள். தொப்பியை மாட்டிய ஈஸ்வரி கண்ணாடியைப் பார்த்தாள்.

"பழனிக்குப் போய் வந்த மாதிரி இருக்குது," என்றாள்.

இறங்கினாள். ஜெபா அசந்துபோனாள். என்ன கை வீச்சு, என்ன உதை! தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே தூக்கி, போகிற வழியில் எல்லோரிடமும் பேசிக்கொண்டே போனாள். பாதிக் குளம் வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகு மெல்ல வலப்பக்கம் வளைந்தாள். கயிற்றுக்கு அடியில் புகுந்து, அடுத்த வரிசையில் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் வயிற்றில் முட்டினாள்.

"அக்கா, நேரா வாங்க," என்றாள் ஜெபா.

"நேராத்தாம்மா வந்தேன். கொளத்தைக் கோணலாக் கட்டிகிறாங்க."

ஒரு வாரம் பார்த்தார்கள். குளம் நேராகத்தான் இருந்தது. ஈஸ்வரிதான் எங்கே விட்டாலும் வலப்பக்கம் வட்டம் போட்டாள். கடைசியில் ஜெபா அவளை உட்காரவைத்துக் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்த அவள் அப்பாவின் கிணறு வட்டக் கிணறு. அதில் கன்னிமார் ஏழு பேரும் குடியிருக்கிறார்கள் என்று மேட்டில் ஏழு கல் நட்டிருந்தார்கள். கன்னிமார் இருக்கிற தண்ணீரில் வலமாகத்தான் நீந்த வேண்டும், கோயிலைச் சுற்றுவதுபோல. இடமாகச் சுற்றுவது சாவுக்குச் செய்கிற சுற்று. எந்தப் பிள்ளையாவது மறந்து இடப்பக்கம் திரும்பினால் மேலேயிருந்து ஓலைமட்டை பறந்து வரும். அந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அப்படித்தான் நீந்தக் கற்றது. இடது கை வலுத்துப்போய், உடம்பே வலப்பக்கம் வளையப் பழகிவிட்டது.

"அக்கா, கடல்ல கன்னிமாரெல்லாம் கெடையாது," என்றாள் ஜெபா. அவள் பாஸ்டர் மகள்.

"உனக்குச் சொல்லிட்டா இருப்பாங்க?"

"கொஞ்சமே கொஞ்சம் லெஃப்ட்ல திரும்புங்கக்கா."

"திரும்பிடுவேன். அப்புறம் அந்த மனுசன் லாரி ஓடற ரோட்டுல சைக்கிள் மெறிச்சிக்கினு போவாரு, நான் கரையில நின்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கினு இருக்கணும். வேணாம்மா."

ஜெபா வேறு வழி பார்த்தாள். முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். வலது கையை இன்னும் வேகமாகப் போடச் சொல்லிக்கொடுத்தாள். களைத்துப்போய் ஈஸ்வரி மல்லாந்து படுத்தால், "அது ரெஸ்ட்டுக்கா, போட்டியில ரெஸ்ட் எடுத்தா கெடு தாண்டிடும்," என்று விரட்டினாள். வட்டம் கொஞ்சம் பெரிதானது. வட்டம் வட்டமாகவேதான் இருந்தது.

போட்டியன்று விடிகாலை, கடற்கரையில் கூட்டம். ஜெபாவும் வந்திருந்தாள். கடலில் மூன்று ஆரஞ்சு மிதவைகள் ஆடிக்கொண்டிருந்தன. மூன்றையும் வலப்பக்கமாகவே வைத்துச் சுற்றி வந்து, கரையில் நட்டிருக்கும் வளைவுக்குள் ஏற வேண்டும். ஈஸ்வரிக்கு உயிரே வந்தது.

"பாத்தீங்களா, வலமாத்தான் வெச்சிகிறாங்க. வெவரம் தெரிஞ்சவங்க."

மோகன்ராஜ் மண்டியிட்டான். அவள் கணுக்காலில் பட்டையைக் கட்டிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தான். "முடியலன்னா கையத் தூக்கிடு. சைக்கிள் எங்கயும் போவாது," என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் சைக்கிளை அடகுக்கடையில் விடுகிறவன் குரல்போல இருந்தது.

விசில் ஊதினார்கள். ஈஸ்வரி இறங்கினாள்.

மிதவையைச் சுற்றுகிற இடங்களில் அவளை யாராலும் பிடிக்க முடியவில்லை. ஆனால் மிதவைக்கும் மிதவைக்கும் நடுவே நேரே போக வேண்டுமே. கொஞ்ச தூரம் போனதும் வலப்பக்கம் வளைந்து வழி தப்பிவிடுவாள். இடப்பக்கம் திரும்பினால் சரியாகிவிடும். அவள் திரும்ப மாட்டாள். அதனால் வலமாகவே ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, மறுபடி மிதவைக்கு நேராக வந்து நிற்பாள். ஒருவழிச் சாலையில் மாட்டிய லாரி சிப்காட்டையே சுற்றி வந்து கேட்டைப் பிடிக்கிறதில்லையா, அதுபோல.

சிறு படகில் காவலுக்கு இருந்தவர் பதறித் துடுப்புப் போட்டு வந்தார்.

"அம்மா, இன்னா ஆச்சு? உதவி வேணுமா?"

"ஒண்ணும் ஆவல. ஒரு சுத்து சுத்திட்டு வரேன், நீங்க போங்க."

கரையில் ஒவ்வொருவராக ஏறினார்கள். சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. மோகன்ராஜ் ஹெல்மெட் மாட்டியபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பூவராகவன் அவன் தோளில் கை வைத்து, "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் மோகன்," என்றார். மோகன்ராஜ் கடலையே பார்த்தான்.

கடலில், கடைசி மிதவையையும் தாண்டி ஈஸ்வரி கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். வளைவு தெரிந்தது. ஆனால் இடப்பக்கமாகத் தள்ளித் தெரிந்தது. கெடு முடியப்போகிறது என்று ஒலிபெருக்கியில் கத்தினார்கள். இன்னொரு முழுச் சுற்றுக்கு நேரம் இல்லை. இடப்பக்கம் திரும்பினால் வளைவு, திரும்பினால் சாவுச் சுற்று. மூச்சு வாங்கியது, கை கனத்தது. அழுகையும் வந்தது. கடலில் அழுதால் யாருக்குத் தெரியப்போகிறது.

ஜெபா திட்டினால் திட்டட்டும் என்று மல்லாந்து படுத்துவிட்டாள். வானத்தைப் பார்த்தபடி கைகளைப் பின்னுக்கு வீசினாள், கிணற்றில் வெயிலுக்குப் படுப்பதைப் போல. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிப் பார்த்தால், வளைவு தள்ளிப் போகவில்லை. கிட்டே வந்திருந்தது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கைகளைப் பார்த்தாள். அதே வலது கை, அதே இடது கை. இப்போதும் வலது கை இருக்கும் பக்கம்தான் உடம்பு வளைகிறது. மல்லாந்து படுத்ததில் வலது கை இடம் மாறி, வளைவு இருக்கிற பக்கத்துக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

"நான் வலது கைப் பக்கம்தான் திரும்புறேன் தாயே, ஏழு பேரும் பாத்துக்கோங்க," என்று சொல்லிவிட்டு, முழு மூச்சாகக் கைகளைப் போட்டாள்.

கரையில் கூட்டம் சிரித்தது, பிறகு கைதட்டியது. வானத்தைப் பார்த்தபடி தலை முன்னால் வர, ஒரு பெண் அலையோடு வந்து, வளைவருகே நின்ற தொண்டரின் முழங்காலில் முட்டினாள். "கெடுவுக்குள்ள வந்தாச்சு, ஏந்திரிங்கம்மா," என்றார் அவர். எழுந்து, தொப்பி கோணலாக, மணலில் விழுந்தடித்து ஓடினாள்.

மோகன்ராஜ் குனிந்து அவள் கணுக்கால் பட்டையை அவிழ்த்தான். தன் காலில் கட்டிக்கொண்டான்.

"ஏன் ஈசு, படுத்துக்கினு வந்த?"

"அப்புறம் சொல்றேன். கெளம்புங்க மொதல்ல."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினான். ஜெபா வந்து துண்டைப் போர்த்தினாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். தரையில் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஏறி உட்கார்ந்த மோகன்ராஜ், எல்லோரும் போன வழியிலேயே, இடப்பக்கம் திரும்பி மிதித்தான்.

ஈஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அவன் விழாமல் போய்க்கொண்டிருந்தான்.

"போனாப் போவுது," என்றாள். "அது தண்ணி இல்ல, தார் ரோடு."