இல்லாத சுரப்பி

வெளியே தார் உருகும் வெயில். உள்ளே அம்மா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள். அது போதாமல் சன்னலையும் சாத்தச் சொன்னாள். அந்தக் குரல் அம்மாவுடையது இல்லை. அடித்தொண்டையில் வேறு யாரோ உட்கார்ந்து பேசுவதுபோல் கட்டையாக இருந்தது.

"உருகுற வெயில்ல போர்வை கேக்குறா பாரு. மகாராணி!" என்று அப்பா சிரித்தார். சின்ன மகள் சிரிக்கவில்லை.

அவள்தான் அந்த வீட்டின் முதல் பட்டதாரி. ஒரு கிடங்கில் சரக்கு இருப்பைச் சரிபார்க்கும் வேலை. அப்பா அவளைக் 'கணக்குப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி பெருமை, பாதி குத்தல்.

அம்மாவின் கழுத்தில் கட்டி வந்து, தைராய்டு சுரப்பியை முழுசாக வெட்டி எடுத்துச் சில வருடங்களாயிற்று. இப்போது அங்கே இருப்பது தழும்பு மட்டும். சுரப்பியின் வேலையைத் தினமும் வெறும் வயிற்றில் போடும் ஒரு மாத்திரை பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வருடம்தான் ரத்தப் பரிசோதனை தலைகீழாக வந்தது. டி.எஸ்.எச். தரையோடு தரையாக, டி4 என்கிற தைராய்டு ஹார்மோன் கூரையைப் பிய்த்துக்கொண்டு.

"டி.எஸ்.எச்.ங்கிறது மூளை போடற சத்தம்," என்றார் டாக்டர், தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஹார்மோன் பத்தலைன்னா கத்தும். அதிகமா இருந்தா வாயை மூடிக்கும். இங்க சத்தமே இல்ல. மாத்திரை ஜாஸ்தி. பாதியாக்குங்க."

பாதியாக்கினார்கள். அம்மாவின் முகம் ஊறிய வடையாக உப்பியது. நடை தேய்ந்தது. ஒன்று கேட்டால், கேட்டவர் மறந்த பிறகு பதில் வந்தது. அடுத்த பரிசோதனையில் டி4 இன்னும் ஏறியிருந்தது.

"அதையும் பாதியாக்குங்க," என்றார் டாக்டர்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "சார், கழுத்துல சுரப்பியே இல்ல. மாத்திரையும் பாதிதான் உள்ள போகுது. வரவு குறைஞ்சா இருப்பு எப்படி சார் ஏறும்? எங்க கிடங்குல இப்படி வந்தா கணக்கை நம்ப மாட்டோம். போய்ச் சரக்கை எண்ணுவோம்."

"நீ டாக்டருக்குப் படிச்சியா?"

"பி.காம்."

"அப்ப அதைப் பாரு. ரத்தம் பொய் சொல்லாதும்மா."

அம்மாவின் கையை அவர் ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

"பெரிய மனுஷன்கிட்ட இப்படியா பேசுவாங்க? நாலெழுத்துப் படிச்சதும் நாக்கு நீண்டுடுச்சு," என்று வாசலில் அப்பா பல்லைக் கடித்தார்.

"நீளட்டும். உங்க பங்கையும் சேர்த்து நான்தானே பேச வேண்டியிருக்கு."

பேசி என்ன? மாத்திரை கால் பங்காயிற்று. அம்மா போர்வைக்குள் போனாள்.

இன்றைக்கு மகள் பரிசோதனைக் கூடத்துக்கே போன் போட்டாள். அறிக்கையில் கையெழுத்துப் போட்ட டாக்டரம்மாதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வந்த டாக்டரம்மா முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"முடிக்கு, நகத்துக்குன்னு ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

'இல்லை' என்று வாயெடுத்தவள் நிறுத்தினாள். அக்காவுக்கு அழகு நிலையத்தில் வேலை.

"அம்மா, அக்கா ஏதாச்சும் குடுத்தாளா?"

போர்வை வெகுநேரம் யோசித்தது. "முடி... கொட்டுதேன்னு... ரெண்டு ரெண்டா..." என்றது. "அது மருந்தாடி?"

சீப்புக்குப் பின்னால் இருந்தது அந்த பாட்டில். பயோட்டின். அவள் படித்துச் சொன்னதும் டாக்டரம்மாவின் குரல் மாறியது.

"அந்த வைட்டமின் சில மெஷினை ஏமாத்தும். இல்லாத ஹார்மோனை இருக்குன்னு காட்டும். உங்கம்மாவுக்கு அதிகமா இல்ல, அநேகமா காலி. இப்ப எப்படி இருக்காங்க? எழுப்புங்க."

"அம்மா. அம்மா! எந்திரிக்க மாட்டேங்கறாங்க மேடம்."

"உடனே அவசரப் பிரிவுக்குத் தூக்கிட்டுப் போங்க. பாட்டிலையும் கொண்டு போங்க. இல்லன்னா அங்கேயும் தாளைத்தான் பார்ப்பாங்க."

அங்கேயும் தாளைத்தான் பார்த்தார்கள். "தைராய்டு அதிகமா இருக்கே..." என்று அந்த இளம் டாக்டர் இழுத்தான். அவள் தாளின்மேல் பாட்டிலை ஓங்கி வைத்தாள்.

"இதைச் சாப்பிட்டிருக்காங்க. அந்த நம்பர் பொய். கையைத் தொட்டுப் பாருங்க."

தொட்டான். கை சில்லிட்டிருந்தது. அம்மாவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தான், பிறகு உள்ளே திரும்பிக் கத்தினான். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். கட்டில் உருண்டு போயிற்று. திரை இழுபட்டது.

அப்பா கையில் போர்வை மட்டும் மிஞ்சியது. அதைத் தடவிப் பார்த்தார். அதிலும் சூடு இல்லை.

"கணக்குப்பிள்ளை," என்றார். இந்தத் தடவை குத்தல் இல்லை. "சரியாயிடும்ல?"

கேள்வி அவள் காதில் விழுந்தது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ அம்மாவைப் பேர் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். அம்மாவைப் போலவே, அவளுக்கும் பதில் வர நேரமாயிற்று.