ஆயிரம் வாட் பெட்டி

வீட்டில் அவனுக்குச் 'சுவிட்சு' என்று பெயர். சின்ன வயதில் கண்ணில் பட்ட சுவிட்சையெல்லாம் கழற்றிப் போட்டதால் வந்த பெயர். வளர்ந்து, லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக் ஆன பிறகும் அது அவனை விடவில்லை. கேலியோடு இப்போது கொஞ்சம் மரியாதையும் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். கரண்ட் என்று பேச்சு வந்தால் போதும், "சுவிட்சைக் கேளு" என்பார்கள். அவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அண்ணனும் அண்ணியும் ஒன்பது வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, அவனும் அம்மாவும் இருந்த கட்டடத்திலேயே மாடி வீட்டுக்குக் குடிவந்தார்கள். அண்ணி அங்கே ஒரு பேக்கரியில் வேலை பார்த்தவள். மாவு பிசையும் மெஷினையும் மேஜை ஓவனையும் விட்டுவர மனசு வராமல் கப்பலில் போட்டுக் கொண்டு வந்துவிட்டாள். அந்த ஊர்க் கரண்ட் நூற்றிருபது வோல்ட். இங்கே இருநூற்று முப்பது. நேராகச் சொருகினால் கண்மூடித் திறப்பதற்குள் புகைந்துவிடும். நடுவில் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்க ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

"தம்பி, மெஷினுக்கும் ஓவனுக்கும் எவ்ளோ பெரிய பெட்டி வாங்கணும்?" என்று அண்ணி கேட்டபோது சுவிட்சு ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு, மறு கையில் போனைப் பிடித்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். ஓவன் மாடியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. இருபது படி ஏறிப் போய், வாட் அளவு பொறித்து அதன் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பார்க்க வேண்டும். வேறு ஒன்றுமில்லை.

"ஆயிரம் வாட் போதும் அண்ணி. தாராளமா ஓடும்."

"ஓவனுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான்."

மறுநாள் அவனே வாங்கிக் கொண்டுவந்து வைத்தான். மாவு மெஷின் பூனைக்குட்டி மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. அண்ணி கைதட்டினாள். "நம்ம வீட்டுல ஒரு ஆள் இருக்கிறது எவ்ளோ நல்லது பாத்தீங்களா!" என்று அண்ணனிடம் சொன்னாள்.

ஓவன் வெளியே வந்தது இரண்டு மாதம் கழித்து. பக்கத்துத் தெரு அலுவலகத்தின் கேன்டீனில் தினமும் ரொட்டி கேட்டார்கள். ரொட்டி போட ஆரம்பித்த இரண்டாம் நாளே அண்ணி மாடிப்படியில் அவனை மறித்தாள்.

"தம்பி, பெட்டி கை வைக்க முடியாம கொதிக்குது. உர்ருனு சத்தம் வேற. ஒரு நிமிஷம் வந்து பாக்குறியா?"

"டிரான்ஸ்ஃபார்மர்னா சூடாகத்தான் அண்ணி செய்யும். பயப்படாதீங்க." தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே இறங்கிப் போனான்.

நான்காம் நாள் காலை பதினொரு மணிக்கு அவன் ஒரு லிஃப்ட்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தபோது அண்ணன் போன் செய்தான்.

"அடுப்படியில தீ. அணைச்சாச்சு. நீ உடனே வா."

வந்து பார்த்தான். சுவர் கூரை வரைக்கும் கறுத்திருந்தது. ஜன்னல் திரை பாதி இல்லை. தரையெல்லாம் நனைந்த மாவு. அண்ணி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, எரிகிற திரையைக் கையாலேயே பிய்த்துப் போட்டிருக்கிறாள். வலது உள்ளங்கையில் கட்டு. முகத்தில் உயிர் இல்லை.

"முதல் தட்டு வெந்ததும் அணைச்சேன் தம்பி. சூடாகுதேன்னு அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் அடுத்த தட்டை வெச்சேன், அப்பதான் தீப்பிடிச்சுது. அணைச்ச மாதிரிதான் ஞாபகம்."

"ஞாபகமாம்!" என்றாள் அம்மா. "போட்டுட்டு மறந்திருப்பா. வேறென்ன?"

அண்ணன் அவன் பக்கம் திரும்பினான். "நீ பாத்துச் சொல்லுடா."

சுவிட்சு குனிந்து ஓவனின் முதுகைப் பார்த்தான். ஆயிரத்தைந்நூறு வாட். பக்கத்தில் கருகிக் கிடந்த பெட்டியில் பாதி எழுத்துதான் மிச்சம். அவனுக்கு எழுத்து வேண்டியிருக்கவில்லை. ஒரு ஆள் தூக்கக்கூடிய சுமையை வாங்கிவந்து, ஒன்றரை ஆள் சுமையைத் தலையில் ஏற்றிவிட்டவன் அவன்தான். எழுந்து நிமிர்வதற்குள் வாய் தானாகப் பேசிவிட்டது.

"நடுவுல அணைக்காம விட்டிருப்பீங்க. விடாம ஓடினா இப்படி ஆகும்."

அண்ணி கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். "அப்படின்னா நான்தான் மறந்திருக்கேன்," என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் அன்றே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று பிறகு பலமுறை அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதுவும் பொய் என்று அவனுக்குத் தெரியும்.

ரொட்டி நின்றது. அதோடு போயிருந்தால்கூட அவன் எப்படியோ மென்று விழுங்கியிருப்பான். அண்ணி வெளியே கிளம்பும்போது, மூடிவிட்டதற்குச் சாட்சியாகக் கேஸ் குழாயைப் போனில் படம் எடுக்க ஆரம்பித்தாள். பிறகு இஸ்திரிப் பெட்டியை. பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, கதவைத் திறந்து சுவிட்சுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவாள். அம்மா உதட்டைப் பிதுக்குவாள். சுவிட்சு தலையைக் குனிந்துகொள்வான்.

ஒரு மாதம் கழித்து ஒரு விடுமுறை நாளில் அவன் கறுத்த சுவரைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கப் போனான். யாரும் கேட்கவில்லை. கை சும்மா இருக்க முடியவில்லை.

அண்ணி இடது கையால் டீ கொண்டுவந்து வைத்தாள். "நான் பண்ணின தப்புக்கு நீ எதுக்குப்பா முதுகு ஒடியணும்?"

அவன் பிரஷ்ஷை நிறுத்தவில்லை.

"நாளைக்கு டாக்டர்கிட்ட போறேன்," என்றாள் அண்ணி. "உங்க அண்ணனுக்கு இன்னும் சொல்லல. எங்க அம்மாவுக்கு இந்த வயசுலதான் மறதி ஆரம்பிச்சுது. கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க."

பிரஷ் பெயின்ட் டப்பாவுக்குள் விழுந்தது.

"அண்ணி, உங்களுக்கு மறதி இல்ல. நீங்க அணைச்சிருக்கீங்க. பெட்டி சின்னது. ஓவன் ஆயிரத்தைந்நூறு வாட். நான் தகட்டைப் பாக்காமலே சொல்லிட்டேன். அன்னைக்குக் குனிஞ்சு பாத்தப்பவே எனக்குத் தெரியும்."

அண்ணி சுவரில் சாய்ந்தாள். ஈரப் பெயின்ட் புடவையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

"தெரிஞ்சேவா என் மேல போட்டீங்க?"

பத்து வயதுப் பையனாக இருந்ததிலிருந்து அவனை 'நீ' என்று அழைத்து வந்தவள். இன்று 'போட்டீங்க' என்றாள்.

"பயந்துட்டேன் அண்ணி."

"தீப்பிடிச்சதுக்குக் கோபப்பட மாட்டேன். தப்பு யாருக்கும் வரும். ஒரு மாசமா என் புத்தியையே நான் நம்பல. ராவும் பகலும் என்னை நானே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சாயங்காலம் எல்லாரும் இருக்கும்போது இதை அப்படியே சொல்லணும். ஒரு வார்த்தை குறையக் கூடாது."

சொன்னான். அண்ணன் எழுந்து, அவனைப் பார்க்காமல் வெளியே போய்விட்டான். அம்மா மட்டும், "சரி விடு, யாருக்கும் ஒண்ணும் ஆகலையே," என்று இழுத்தாள்.

"எனக்கு ஆச்சு அத்தை," என்றாள் அண்ணி.



அடுத்த வாரம் அண்ணி தானே கடைக்குப் போனாள். இரண்டு மெஷின்களின் தகடுகளையும் போனில் படம் பிடித்து எடுத்துப் போய்க் கடைக்காரரைக் குடைந்தெடுத்தாள். சூடு பண்ணும் சாமான் என்றால் அதன் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்கும் பெட்டி வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மூவாயிரம் வாட் பெட்டி ஒன்றை வாங்கினாள். அளவு மீறினால் தானே அணைந்துகொள்ளும் பிரேக்கர் வைத்தது. சரியான கனம். வாசலில் வந்து இறங்கியதும் சுவிட்சு கேட்காமலே தோளில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனான்.

திரை, துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாக அண்ணி பார்த்து வைத்தாள். எக்ஸ்டென்ஷன் வயரை ஒதுக்கிவிட்டு, சுவர் பிளக்கிலேயே நேராகச் சொருகினாள். பிறகு ஓவனைப் பெட்டியில் மாட்டினாள்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா அண்ணி?"

"வேண்டாம். நான் பாத்துட்டேன்."

அவன் வாசற்படியிலேயே நின்றான். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அண்ணி பெட்டியைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு மட்டும்தான் இருந்தது போலிருக்கிறது, முகம் மாறவில்லை. ரொட்டி வெந்ததும் முதலில் ஓவனை, பிறகு பெட்டியை அணைத்தாள். ஒரு கணம் நின்று பெட்டியின் சுவிட்சையே பார்த்தாள். போனைக் கையில் எடுத்தாள். படம் எடுக்கவில்லை, மேஜைமேல் திரும்ப வைத்துவிட்டாள்.

"உக்காருங்க," என்று ஒரு துண்டு வெட்டி அவன் முன்னால் வைத்தாள். உள்ளங்கைத் தழும்பு இளஞ்சிவப்பாக, புதுத்தோலாகப் பளபளத்தது. சுவிட்சு ஒரு வாய் பிய்த்துப் போட்டுக்கொண்டான். வெகுநேரம் மென்றுகொண்டே இருந்தான்.

அண்ணி தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்கு மாவை உருட்டப் போனாள்.