மோகினிக்கு அரை நாள் லீவு

என் பெரியப்பா அருணகிரி ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரி. கடை வாசலில் பல வருடமாக ஒரு கழுதைப் படம் தொங்குகிறது. தன்னைப் பார்த்தால் யோகம் வரும் என்று அதன் அடியிலேயே அச்சடித்திருக்கிறது. கழுதை இதுவரை மறுக்கவில்லை. யோகமும் வந்தபாடில்லை. வெறும் படமாக இருப்பதுதான் சிக்கல் என்று பெரியப்பா கண்டுபிடித்தார். புதுக் கடைத் திறப்பு விழாவுக்கு உயிருள்ள கழுதை வேண்டும் என்றார். காலேஜ் லீவில் இருந்த என்னிடம் பொறுப்பு வந்தது.

எனக்குத் தெரிந்து ஊரில் வேலை பார்க்கும் கழுதைகள் ஐந்து. எல்லாம் ஜெயம் அக்காவுடையவை. ஊர் எல்லையில் இருக்கும் பாறைக்குன்றின் மேல், கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார்கள். வண்டி ஏறாத பாதை. மணலும் ஜல்லியும் இவற்றின் முதுகில்தான் மேலே போகும்.

"அக்கா, ஒரு கழுதை வேணும். காலைல மட்டும்."

"இன்னாத்துக்கு?"

"சும்மா நிக்கறதுக்கு."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு நீயே போதுமே தம்பி."

ஆனாலும், பெரியப்பா ஒரு சேலை தருவார் என்று நான் சொன்னதும் சம்மதித்தார். ஐந்தில் பார்க்க லட்சணமான மோகினியைத் தேர்ந்தெடுத்தேன். எப்போதும் வரிசையின் முதலில் போவது அதுதான்.

"இன்னிக்குத் தொட்டிக்குக் கான்கிரீட்டு. மத்தியானத்துக்குள்ள மணல் மேல வரலன்னா மூட்ட தூக்கற கயிறு மெஷின எறக்கிடுவேன், அப்பால உன் கழுதைக்கு வேலையே இல்லன்னு மேஸ்திரி ஜீவானந்தம் சொல்லிகினுகீறாரு," என்றார் அக்கா. "பரவால்ல, நாலு இருக்குது. தெனம் போற வழிதான, அதுங்களே போவும்."

மோகினியின் முதுகிலிருந்த சுமைத் திண்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தேன்.

கடை வாசலில் சிவப்புக் கம்பளம், மைக் செட். மோகினிக்கு மாலை போட்டோம். அது அசையாமல் நின்றது. நின்றபடி எதைப் பார்க்கிறது என்று நானும் குனிந்து பார்த்தேன். எதிரில் ஒன்றும் இல்லை. பின்னால் மட்டும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தது. பிறகு மைக்கை முகர்ந்து, வாயைத் திறந்து கத்தியது. நான்கு தெருவுக்குக் கேட்டது.

"கத்துச்சுடா தீனா! நல்ல சகுனம்டா!" என்று பெரியப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் தெருமுனையில் நான்கு கழுதைகள் மணல் மூட்டைகளோடு வந்தன. பின்னால் அக்கா ஓடி வந்தார்.

"ஒண்ணும் மலை ஏறல தம்பி! அடிவாரத்துலயே நின்னுகினு இருந்துதுங்க. ஸ்பீக்கர்ல இது சத்தம் கேட்டுதோ இல்லியோ, திரும்பிடுச்சுங்க."

நான்கும் மோகினிக்குப் பின்னால் ஒழுங்காக வரிசையில் நின்றன. மலை உச்சியில் சுமை இறக்க அப்படித்தான் நிற்குமாம். கடை வாட்ச்மேன் ஒன்றை விரட்டப்போய் மூட்டைக் கயிற்றை இழுத்தார். அது இழுத்தால் அவிழ்கிற சுருக்கு முடிச்சு. ஒரு மூட்டை மணல் கம்பளத்தில் கொட்டியது.

"அண்ணே, மோகினிய வுடுங்க. மேஸ்திரி போனும் கையுமா நிக்கறாரு. என் பொழப்பே பூடும்."

"நல்ல நேரம் பத்தரைக்குத்தான்மா. அதுவரைக்கும் நிக்கட்டும்."

"பெரியப்பா, இன்னும் மூணு மூட்டை இருக்கு," என்றேன். "மூணாவது கழுதை உள்ள மாட்டியிருக்கிற முகூர்த்தச் சேலையவே பாக்குது."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அது நிஜமாகவே வாயைத் திறந்துகொண்டிருந்தது. பத்து மணிக்கே ரிப்பனை வெட்டிவிட்டார்.

"ஜல்தி ஓட்டிகினு போம்மா!"

கொட்டிய மணலைக் கூட்டி அள்ளி மூட்டை கட்டினோம். இடையில் முடிச்சு அவிழ்ந்த கழுதை வெறும் முதுகோடு அடிவாரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. மோகினி மேல் ஏற்றலாம் என்றேன்.

"திண்டு இல்லாம ஏத்தினா முதுகு புண்ணாயிடும்," என்றார் அக்கா. பிறகு என் முதுகைப் பார்த்தார்.

அடிவாரத்தில் மோகினி மாலையோடு முதல் படியில் கால் வைத்தது. மற்ற நான்கும் மறுபேச்சில்லாமல் ஏறின. ஆறாவதாக நான்.

"ஏன்க்கா அது இல்லாம ஏறல? வழி தெரியும்னீங்களே?"

"எனக்கு இன்னா தெரியும்? நானும் இன்னிக்குத்தான பாக்கறேன்."

பாதி தூரம் ஏறிய பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. மூட்டையைச் சுமந்து குனிந்து நடப்பவனுக்குப் பாதையே தெரிவதில்லை. முன்னால் ஆடும் வால் மட்டும்தான் தெரிகிறது. அதைப் பார்த்தே நானும் ஒவ்வொரு வளைவிலும் சரியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒருவேளை இந்த நான்கும் இத்தனை நாளாக மலையையே பார்த்ததில்லையோ என்னவோ.

உச்சியில் ஜீவானந்தம் காதில் போனோடு நின்றிருந்தார். வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. வரிசை வந்து நின்றதும் பார்வையை ஓட்டினார்.

"மெஷின் வேணாம்பா, வெச்சுடு," என்று போனை அணைத்தார். பிறகு ஜெயம் அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "அஞ்சுதான இருந்துச்சு? புதுசா ஒண்ணு வாங்கிட்டியா?"