முனை வரைக்கும் போன வண்டி

ஐஸ் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு தேவதர்ஷினி கண்ணை மூடியதும், பொன்னியம்மாள் அத்தை மறுபடியும் ஆரம்பித்தாள்.

"ஐயோ, வாய தொறந்து அழத் தெரியாத புள்ள! அப்பன எப்டி கட்டிக்கினு கீது பாரு! இன்னா பாசம், இன்னா பாசம்!"

சுற்றியிருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஒருத்தி போனில் வீடியோ எடுத்தாள். வெண்ணிலாவுக்கு எரிச்சல் தலைக்கேறியது. தங்கை கட்டிக்கொண்டிருந்தது அப்பாவை அல்ல. கால்மாட்டில் இருந்த பெட்டியின் மோட்டாரை. வீட்டு ஃபிரிட்ஜ் உறுமும்போது அதன் முதுகில் சாய்ந்துகொள்வது தேவிக்கு வழக்கம். இது அதைவிடப் பெரிய மோட்டார். நேற்று ராத்திரி பெட்டி வந்ததிலிருந்து அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

"அத்த, அவ மோட்டார் சத்தம் கேட்டுகினு இருக்கா."

"சும்மா கெட. பி.காம் படிச்சிட்டா பாசம் கூடவா தெரியாம போவும்?"

அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவள் வெண்ணிலா. அவள் எது சொன்னாலும் பதில் அந்த பி.காமில்தான் போய் முடியும்.

அப்பா மாணிக்கவேல் தாம்பரத்துக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். நேற்று மதியம் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். கிளாஸில் பாதி டீ மிச்சமாம். ஸ்டாண்டுக்காரர்கள் வந்து ஆளையும் சொல்லி அழுதார்கள், டீயையும் சொல்லி அழுதார்கள்.

தினமும் காலையில் அவர் ஆட்டோவைக் கிளப்பும்போது தேவி கேட் பக்கத்தில் நிற்பாள். பின்பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி, "போலாம் ரைட்!" என்பாள். அவர் ஒரு ஹாரன் அடிப்பார். அவள் தலையாட்டிவிட்டுக் குளிக்கப் போவாள். பத்து வயது தேவி முழுசாகச் சொல்லும் வாக்கியங்களில் இதுதான் மூத்தது. "இத மட்டும் விட்றாதீங்க சார். நாம டாட்டா சொல்றோம்ல, அவளுக்கு அது இதுதான்" என்று பள்ளியில் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஹெப்சி மிஸ் சொல்லியிருந்தார்.

ஒருநாள் ஏதோ அவசரத்தில் அப்பா தட்டு வாங்காமல் முனை வரைக்கும் போய்விட்டார். தேவி போட்ட சத்தத்தில் தெருவே எழுந்து வந்தது. முனைக்கு நடந்து போய்த் தட்டவும் மாட்டாள், கேட்டில்தான் தட்டுவாள். அப்பா ஏற்றிய ஆட்களோடு தெரு முழுக்க ரிவர்ஸில் வந்து, தட்டு வாங்கிக்கொண்டு போனார். எதிர் வீட்டு மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த பெரியப்பா தட்சிணாமூர்த்தி, "காலங்காத்தால தெனம் இதே பேஜாரு!" என்று நுரையோடு கத்தினார்.

கையால் தட்டித் தட்டியே ஆட்டோவின் பின்னால் ஓர் இடத்தில் மஞ்சள் பெயிண்ட் போய்விட்டிருந்தது. வருஷாந்திர எஃப்.சி. சோதனைக்குப் பெயிண்ட் அடித்தபோதுகூட அப்பா அந்த இடத்தை விட்டுவிடச் சொன்னார்.

இன்று காலை பெரியப்பா வந்ததும் உத்தரவு போட்டார். "எடுக்கிற நேரத்துல சின்னத பக்கத்து வூட்ல வெச்சிப் பூட்டு. கத்திகினு கெடக்கும், அசிங்கம்."

"அவ கேட்ல நிப்பா. தட்டுவா. நாந்தான் கொள்ளி வைப்பேன்" என்றாள் வெண்ணிலா.

"பொட்டச்சி கொள்ளி வெச்சா ஊர்ல நான் தல நிமிந்து நடக்கறதா? எம்புள்ள தீனா வெப்பான்."

இரண்டு மகள்கள் குத்துக்கல்லாட்டம் இருக்க, சித்தப்பாவுக்கு வருஷத்தில் ஒருநாள் போன் பண்ணும் தீனா! வெண்ணிலா பல்லைக் கடித்தாள். ஆனால் பேரம் படிந்தது. கொள்ளி தீனாவுக்கு, கேட் தேவிக்கு. பெரியப்பா நிலத் தரகர். "சரி, பேசினது பேசினதுதான்" என்று தொழில்முறையாகக் கை நீட்டினார்.

ஹெப்சி மிஸ் சீக்கிரமே படங்களோடு வந்துவிட்டார். ஐஸ் பெட்டி, பூ போட்ட வெள்ளை வண்டி, கேட்டில் ஒரு கை. வகுப்பில் சுவரில் ஒட்டுகிற மாதிரியே அட்டையில் வரிசையாக ஒட்டியிருந்தார். "முதல்ல பெட்டி. அப்புறம் வண்டி. தேவி தட்டணும். அப்பா போயிடுவாங்க." திரும்பத் திரும்பக் காட்டினார்.

மூலையில் இருந்த அம்மா ஜெயஸ்ரீ எட்டிப் பார்த்தாள். "வர்ற படம் இல்லியா மிஸ்?"

"இல்லம்மா."

அம்மா மறுபடி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கியதும் தேவி காதைப் பொத்திக்கொண்டு ஆடத் தொடங்கினாள். மிஸ் அட்டையைக் காட்டினார். தேவி பெட்டிப் படத்தைப் பிய்த்து அவர் கையில் கொடுத்து, "வெரி குட்" என்று மிஸ் குரலிலேயே தன்னைப் பாராட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், சத்தம் நின்றது. வெண்ணிலாவுக்கு மூச்சு வந்தது.

பிறகு தேவி "பாத்ரூம்" என்றாள். வெண்ணிலா கூட்டிப் போனாள். எல்லாம் அதில்தான் கெட்டது. தேவி குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி, மனசு ஒப்புகிறவரைக்கும் வெளியே வரமாட்டாள்.

அதற்குள் எமகண்டம் வரப்போகிறது என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். "ஏத்து, ஏத்து!" என்று பெரியப்பா கத்துவது கேட்டது. வெண்ணிலா உள்ளிருந்தே "பெரிப்பா, இருங்க!" என்று அலறியதை மேளம் தின்றுவிட்டது.

வெளியே வந்தபோது வாசலில் மிதிபட்ட பூ மட்டும் கிடந்தது.

தேவி கேட்டுக்குப் போய்த் தன் இடத்தில் நின்றாள். கையைத் தூக்கினாள். தட்டத் தகரம் இல்லை. கொஞ்ச நேரம் கை அந்தரத்திலேயே இருந்தது. அப்புறம் கத்தினாள்.

வெண்ணிலா செருப்பில்லாமல் ஓடினாள். முனையில் வண்டிக்கு முன்னால் போய்க் கையை விரித்து நின்றாள்.

"ரிவர்ஸ் எடுங்க!"

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியப்பா தலையை நீட்டினார். "பைத்தியமாடி உனுக்கு? கெளம்பின பொணம் மறுபடி வாசலுக்கு வர்றதா? வூட்ல இன்னொரு சாவு வுழும்!"

"விழட்டும். உங்களுதுன்னா முன்கூட்டியே சொல்லுங்க, நான் லீவு போடணும்."

மேளக்காரர்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தெரியாமல் இருமினார்.

"கொள்ளிய உங்க புள்ளைக்கு விட்டுக் கொடுத்தேன்ல? பேசினது பேசினதுதான்னு கை குடுத்தீங்கல்ல?"

"எனுக்கு சிங்கப்பெருமாள் கோவில்ல இன்னொரு கேஸ் கீது சார்" என்றார் டிரைவர். "எதுனா ஒண்ணு சீக்கிரம் முடிவு பண்ணுங்க."

தெருக்கோடியிலிருந்து தேவியின் குரல் வந்துகொண்டே இருந்தது. மேளக்காரர்கள் தாமாகவே அடிப்பதை நிறுத்தினார்கள். நிறுத்தியதும் அது இன்னும் நன்றாகக் கேட்டது.

அவிழ்ந்த கொண்டையும் மூச்சிரைப்புமாகப் பொன்னியம்மாள் அத்தை வந்து சேர்ந்தாள். தன்னைத் தரதரவென்று இழுத்துப்போகத்தான் வருகிறாள் என்று வெண்ணிலா வண்டியின் பம்பரைப் பிடித்துக்கொண்டாள். அத்தை அவளைப் பார்க்கவே இல்லை.

"டிரைவரு, வண்டி மூஞ்சி எந்தப் பக்கம் கீது?"

"சுடுகாட்டுப் பக்கம்தாம்மா."

"அப்ப அப்டியே பின்னால வா. மூஞ்சி அங்க பாத்துகினு கீற வரிக்கும் போய்கினு கீறதாத்தான் கணக்கு."

"யாருக்கா சொன்னது இத?" என்றார் பெரியப்பா.

"நாந்தான்டா சொல்றேன். இந்தத் தெருவுல எந்தச் சாவுக்கு நான் இல்ல? நட."

வண்டி பின்னால் நகர்ந்தது. ரிவர்ஸ் கியருக்கு எவனோ குழந்தைப் பாட்டு மெட்டு ஒன்றை வைத்திருந்தான். டிங் டிங் என்று அது தெரு முழுக்கப் பாடிக்கொண்டே வந்தது. வண்டி மட்டும் போதாது என்றாள் அத்தை. "எல்லாம் அங்கயே பாரு! எவனும் மூஞ்சியத் திருப்பாத!" மேளக்காரர்கள், ஸ்டாண்டுக்காரர்கள், சொந்தபந்தம் அத்தனை பேரும் சுடுகாட்டைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார்கள். தீச்சட்டியோடு தீனா வந்தான். புகையெல்லாம் அவன் மூஞ்சியில். எதிரே வந்த தண்ணி லாரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, கும்பிடுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

கேட் வந்ததும் வண்டி நின்றது.

தேவியின் கத்தல் பாதியில் நின்றது. சாமந்திச் சரத்தை ஒதுக்கி, தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள்.

"போலாம் ரைட்!"

டிரைவர் கியரைப் போட்டார். தேவி தலையாட்டவில்லை. நகரவும் இல்லை. வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெண்ணிலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாரன். ஐயோ, டிரைவரிடம் ஹாரனைச் சொல்லவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் ஹாரன் அடித்தது.

டிரைவரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கின் ஓரத்தில்தான் இருந்தன. குறுக்கே நீண்டிருந்த பெரியப்பாவின் கை மெதுவாக மடிக்குத் திரும்பியது. அவர் நேராகச் சுடுகாட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவி தலையாட்டினாள். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள்.

"பொணம் போனதும் தல முழுகணும்னு கூட இங்க ஒருத்திக்கும் தோணல" என்று அத்தை கேட்டில் நின்று அழுதுகொண்டிருந்தவர்களை அதட்டினாள். "அந்தப் புள்ளைக்குத் தெரியுது!"

மேளம் முனையைத் தாண்டியது. சுவரோரம் அப்பாவின் ஆட்டோ நின்றிருந்தது. பெயிண்ட் போன இடத்தில் வெண்ணிலா தன் கையை வைத்துப் பார்த்தாள். கை பெரிதாக இருந்தது.

"தண்ணி! தண்ணி!" உள்ளேயிருந்து தேவி.

தினமும் காலையில் மோட்டார் போடுவது அப்பா. வெண்ணிலா போய் ஸ்விட்சைத் தட்டினாள். அது இரண்டு முறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது. உள்ளே சத்தம் அடங்கியது. அவள் கொஞ்ச நேரம் மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.