மூலை வெட்டு

ஓதிலியாவுக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. நோயாளிச் சிறுநீரகத்தின் செல்களில், அடியில் தரைப்பக்கம் இருக்க வேண்டிய, உப்பைத் தள்ளும் பம்பு மேலே கூரைப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. மெக்சிகோ நகரத்தில் அவள் படிக்கும் ஆய்வகமே அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போயிருந்தது.

காப்பிக் கோப்பையோடு அலைந்தவள் சக மாணவன் பிரௌலியோவின் மேசையருகே நின்றாள். செல் வளர்ந்த படலத்தை நீளத் துண்டாக நறுக்கி, மேல்பக்கம் எது என்று தெரிய ஒரு நுனியில் ஒரு மூலையை வெட்டிக்கொண்டிருந்தான்.

"எந்த மூலைடா வெட்டுற?"

"வலது மூலை. எல்லாரும் வெட்டுறதுதான். ஏன், நீ?"

அவள் இடது கைக்காரி. முதல் நாளிலிருந்தே இடது மூலையைத்தான் வெட்டி வருகிறாள். யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"நான் காய்ச்சல்ல கிடந்தப்ப, நான் வெட்டி வச்ச நோயாளித் துண்டையெல்லாம் கண்ணாடித் தகட்டுல ஒட்டினது நீதானே?"

"ஆமா. வெட்டின நுனியை மேல வச்சு, வெட்டு வலப்பக்கம் வர்ற மாதிரி ஒட்டினேன். ஒரு நன்றிகூடச் சொல்லல நீ." சிரித்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

இடது வெட்டு வலப்பக்கம் வர வேண்டுமானால் துண்டைப் புரட்டித்தான் வைத்திருக்க வேண்டும். அப்படியானால் அத்தனையும் குப்புற. நல்ல சிறுநீரகத் துண்டுகளை அவளே ஒட்டியிருந்தாள், அவை நேராக இருந்தன.

நுண்ணோக்கிக்கு ஓடினாள். செல்லோடு செல்லைச் சேர்த்துக் கட்டும் பட்டை கூரையை ஒட்டித்தான் இருக்கும். அதற்கும் சிவப்புச் சாயம் போட்டுத்தான் வைத்திருந்தாள். பம்புக்குப் போட்ட பச்சைச் சாயத்தைக் கண்ட சந்தோஷத்தில் சிவப்பை எவள் பார்த்தாள்? இப்போது பார்த்தாள். நோயாளித் துண்டுகளில் பட்டையும் தரையில் கிடந்தது. படமே தலைகீழ்.

"வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்," என்றான் பின்னால் வந்த பிரௌலியோ. "யாருக்குத் தெரியப் போகுது?"

"இதை நம்பி ஒருத்தன் மருந்து தேடுவான்டா. வாயை மூடு."

ஆய்வகத் தலைவரிடம் போய்ச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தேர்வைத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் அம்மாவின் போன்.

"வெள்ளிக்கிழமை எத்தனை பேரு வர்றாங்கடி? மோலே குழம்புக்கு மிளகாய் வறுத்துட்டு இருக்கேன்."

"விருந்து வேண்டாம்மா. தேர்வு இல்ல."

"ஏன்டி, உன் செல்லுக்கெல்லாம் என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலம்மா. பம்பு எங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, நடைவழியிலேயே உட்கார்ந்து அழுதாள்.